பேழையில் ஏறாத விலாங்கு

அனுப்புநர்:
ஒரு தமிழ் வாசகன்,
சென்னை.

பெறுநர்:
கென்டக்கி சுற்றுலா வளர்ச்சி நிதி ஆணையம்,
ஃபிராங்க்ஃபர்ட், கென்டக்கி, அமெரிக்கா.

பொருள்: சுற்றுலா – நோவாவின் பேழை – விற்பனை வரியைத் திருப்பித் தருதல் – பணியாளர் விசுவாசம் – விலாங்கு மீன் விடுபட்டமை – தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆதியாகமம், 6ஆம் அதிகாரம். 2. தங்கள் ஆணையத்தின் 2016 ஏப்ரல் மாத ஒப்புதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வை 1இல் கண்டபடி பேழையின் நீளம் 300 முழம். பார்வை 2இன் பயனாளி வில்லியம்ஸ்டவுனில் எழுப்பியிருக்கும் மரப்பேழையின் நீளம் 510 அடி. எங்கள் ஊரில் முழத்தோடு தினமும் புழங்குகிறவர் பூக்காரம்மா. அவர் கையில் முழம் ஒன்றரை அடியில் தொடங்கி, முகூர்த்த நாளில் ஓரடிக்குச் சுருங்கும். நீளுகிற முழத்தை நான் பார்த்ததில்லை. ஒன்றரை அடிக் கணக்கில் 450 அடியோடு நின்றிருக்க வேண்டிய கப்பலை, முழத்துக்கு 20.4 அங்குலம் என்று வைத்து 60 அடி நீட்டியிருக்கிறார்கள். மல்லிகை வாங்கினால் இவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

அளவில் எனக்கு வழக்கில்லை. வரவு செலவில்தான் சந்தேகம்.

நோவாவுக்கு வந்த கட்டளையில் கொப்பேர் மரம் உண்டு, உள்ளும் புறமும் பூசக் கீல் உண்டு, மூன்று தட்டு உண்டு. மானியம் பற்றி ஒரு சொல் இல்லை. மரச்செலவு முழுக்க அவர் கைக்காசு என்றே நினைக்கிறேன். ஆளெடுப்பிலும் தகராறு இல்லை: மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். குடும்பத் தொழில். ஏற வந்த கழுதையிடமும் காட்டுப்பன்றியிடமும் அவர் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் பேழை வேறு ரகம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கென் ஹாம் அவர்களின் ‘ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்’ ஊழியம் கட்டியது. பூமிக்கு வயது ஏறக்குறைய 6,000 ஆண்டு என்பது அவர்கள் கணக்கு. 2010 டிசம்பரில் திட்டத்தை அறிவித்தபோது அன்றைய ஆளுநர் ஸ்டீவ் பெஷியரும் மேடையில் இருந்தார். கூட்டத்தை இழுத்து வரும் சுற்றுலாத் தலத்துக்கு, அங்கே வசூலாகும் விற்பனை வரியை 10 ஆண்டுக் காலம், திட்டச் செலவில் 25 விழுக்காடு எட்டும்வரை திருப்பிக் கொடுப்பது உங்கள் சட்டம். பேழைக்கு உச்சவரம்பு 1 கோடியே 80 லட்சம் டாலர்.

இடையில் 2014இல் ஒரு வேலை விளம்பரம் வந்தது. கணினியில் வரைபடம் போட ஆள் தேவை. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை: இரட்சிப்பின் சாட்சி, படைப்பைப் பற்றிய நம்பிக்கை, விசுவாச அறிக்கைக்கு ஒப்புதல். படிக்கட்டு வரையத் தெரியுமா என்றும் எங்காவது கேட்டிருப்பார்கள். அந்த டிசம்பரில் மாநில அரசு வரிச் சலுகை கிடையாது என்று கையை விரித்தது. ஊழியம் வழக்குப் போட்டது. மதம் பரப்புகிறார்கள் என்பதற்காகப் பொதுச் சலுகையை மறுக்க முடியாது, மத அமைப்புகள் தம் மதத்தாரை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு என்று 2016 ஜனவரியில் நீதிபதி கிரெகரி வான் டாட்டன்ஹோவ் தீர்ப்பளித்தார். புதிய ஆளுநர் மாட் பெவின் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ஏப்ரலில் உங்கள் ஒப்புதல்; ஜூலை 7இல் திறப்பு விழா.

தீர்ப்பைக் குறை சொல்ல நான் வக்கீல் அல்ல. ஆனால் வாசலைக் கவனித்தேன். மத அமைப்பு என்று ஒரு கதவு வழியாக நுழைந்து ஆளெடுக்கலாம். சுற்றுலாத் தலம் என்று இன்னொரு கதவு வழியாக நுழைந்து வரியை வாங்கிக்கொள்ளலாம். நோவாவின் பேழைக்கு ஒரே கதவுதான்.

திறந்தபோது பெரியவர்களுக்கு டிக்கெட் 40 டாலர். கென்டக்கி விற்பனை வரி 6 விழுக்காடு, ஆக 2 டாலர் 40 சென்ட். அதைக் கொடுப்பவர்களில் கத்தோலிக்கர் உண்டு, முஸ்லிம் உண்டு, வேடிக்கை பார்க்க வந்த நாத்திகர் உண்டு, நோவாவை நம் எல்லோருக்கும் முன்னாலேயே அறிந்த யூதரும் உண்டு. இவர்களில் பலருக்கு உள்ளே தரை துடைக்கும் வேலைகூடக் கிடைக்காது. நோவாவே மனுப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். இரட்சிப்பின் சாட்சி என்ற இடத்தில் மனிதர் விழிப்பார். கிறிஸ்துவுக்கு முந்தியவர், பாவம்.

பேழை இல்லாவிட்டால் அந்த 2 டாலர் 40 சென்ட்டே வந்திருக்காதே என்பீர்கள். நியாயம். ஆனால் வந்தபின் அது பொதுப்பணம். அந்தப் பணத்தில் தரும் வேலைக்குத்தான் உலகத்தின் வயதைக் கேட்கிறார்கள்.

சம்பளக் கணக்கும் சுவாரசியம். பேழைக்காக வில்லியம்ஸ்டவுன் நகரம் 6 கோடியே 20 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. 30 ஆண்டுக்குப் பேழை வட்டாரச் சொத்து வரியில் 75 விழுக்காட்டை அந்தக் கடனை அடைக்கத் திருப்பியது. அங்கே வேலை செய்வோர் சம்பளத்தில் 2 விழுக்காடும் அதே கணக்கில் சேருகிறது. தசமபாகத்தில் ஐந்தில் ஒரு பங்கு; காணிக்கைத் தட்டில் போட்ட புண்ணியம்கூட இல்லாமல்.

உங்கள் ஊர் எப்படி என்று கேட்காதீர்கள். 2021இல் எங்கள் அறநிலையத்துறையின் கபாலீசுவரர் கல்லூரி, கொளத்தூரில் பி.காமும் பி.சி.ஏ.வும் நடத்த இந்துக்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் கொடுத்தது. பற்று வரவுக்கு எந்த நெற்றிக்குறி என்று நாங்களும் முழித்தோம். அது கோயில் காசு என்றார்கள். உங்களிடம் அந்தச் சமாதானமும் இல்லை.

இனி விலாங்குக்கு வருகிறேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாங்கள் சொல்லும் பிராணி. 2017இல் நகரம் தீயணைப்பு, காவல் செலவுக்காக டிக்கெட்டுக்கு 50 சென்ட் பாதுகாப்புக் கட்டணம் போட்டது. நாங்கள் மத அமைப்பு, விலக்கு வேண்டும் என்றது பேழை. (அடுத்த அழிவு வெள்ளத்தால் அல்ல, அக்கினியால் என்று வேதத்திலேயே இருக்க, தீயணைப்பு வண்டிக்குக் காசு கொடுக்க யோசித்தவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.) ஜூன் மாதக் கடைசியில், சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ள சொத்தைத் தன் லாப நிறுவனத்திடமிருந்து லாபநோக்கற்ற பங்காளி நிறுவனத்துக்கு 10 டாலருக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் ஒப்பந்தம் லாப நிறுவனத்தோடு ஆயிற்றே என்று ஜூலையில் மாநில அரசு வரிச் சலுகையை நிறுத்தியது. அதே ஜூலையில் சொத்து பழைய கைக்கே திரும்பியது. கட்டணத்தையும் ஒப்புக்கொண்டார்கள். திரும்பிய விலையும் 10 டாலர். எங்கள் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் முத்திரைத்தாள் விற்பவர் இதைக் கேட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

2019இல் இன்னொரு வழக்கு: கனமழையில் பாதையோரச் சரிவு பெயர்ந்து சுமார் 10 லட்சம் டாலர் நட்டம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் மீது. பேழைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்கு மேல் நான் எதுவும் எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே பணிவான வேண்டுகோள். பேழைக்குள் டைனோசர் வரை ஏற்றிக் கூண்டில் வைத்திருக்கிறார்கள், விலாங்கைத்தான் காணோம். அது தண்ணீரிலேயே பிழைத்துக்கொள்ளும், பேழை எதற்கு என்று விட்டிருக்கலாம். இருந்தாலும் வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து ஒன்றை விட்டு, பக்கத்தில் அந்த இரண்டு பத்திரங்களையும் சட்டம் போட்டு மாட்ட ஆணையிட வேண்டுகிறேன். செலவில் 25 விழுக்காட்டை நீங்களே தரலாம். தொட்டி கழுவ வருகிறவரிடம் மட்டும் தொட்டி கழுவத் தெரியுமா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழ் வாசகன்.

நகல்: வில்லியம்ஸ்டவுன் தீயணைப்பு நிலையம் – தகவலுக்காக. என் பங்கு 50 சென்ட் தனியே அனுப்பப்படுகிறது.