சுவர் நோகாது தோரணம் கட்டல்: ஓர் ஆய்வு

வாடகை வீட்டில் பண்டிகை கொண்டாடுவதற்கு உள்ள தடைகளுள் தலையாயது சுவர். விலைவாசி, விருந்தினர், பட்டாசுப் புகை ஆகிய மற்றத் தடைகளைப் பற்றி அறிஞர் பலர் எழுதிக் குவித்துவிட்டனர். சுவர் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மாவிலையை எங்கே கட்டுவது, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எதில் தொங்கவிடுவது, கொலுப்படிக்குப் பின்னால் பட்டுச் சேலையை எப்படி நிறுத்துவது என்பவை வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: வீட்டைக் காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் முழுசாகத் திரும்புமா?

சொந்த வீட்டுக்காரர்களை இந்த ஆய்விலிருந்து விலக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கவனித்துப் பார்த்தால் ஆணிக்கு அதிகம் அஞ்சுகிறவர்கள் அவர்களே. கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் கூடத்தில் ஒரு மாதக் காலண்டருக்கு இடம் கிடைப்பது அரிது. ஆகவே அவர்களும் உள்ளே.

இத்துறைக்கு மூல நூல் என்று ஒன்று உண்டென்றால் அது வாடகை ஒப்பந்தப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்லிவிட்டதால், பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. இதனால் பண்டிகைக்கு நேர்ந்ததை யாரும் யோசிக்கவில்லை. பிப்ரவரி முதல் தேதி குடிவந்தவரின் ஒப்பந்தம் டிசம்பர் 31-ல் முடிந்துவிடும்; பொங்கல் சட்டத்துக்கு வெளியே நிற்கும். அந்த ஜனவரியில் கட்டிய கரும்பும் மாவிலையும் எந்த ஷரத்தின் கீழ் வரும் என்பதை வழக்கறிஞர்களிடமே விட்டுவிடுவோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. அந்த 'வேறு உடன்பாடு' என்ற திட்டிவாசல் வழியாகச் சென்னையின் பழைய பத்து மாத அட்வான்ஸ் இன்னும் குனியாமலே உள்ளே வந்து போகிறது. ஓர் ஆணிக்கு எதிரே வைக்கப்பட்ட பணயம் சிறியதன்று.

பத்திரத்தில் ஏறாத விதி ஒன்றும் உண்டு. சாவியைக் கையில் கொடுக்கும்போது வாய்மொழியாக அருளப்படுவது அது: "ஆணி கீணி அடிச்சிராதீங்க சார், இப்பதான் பெயின்ட் அடிச்சது." அந்த 'இப்ப' எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று ஆராய்வது நாகரிகமன்று.

இனிச் சுவரின் இயல்பு. சுவர் என்று நாம் கைகாட்டுவது ஒரே பொருளல்ல. செங்கல்; அதன்மேல் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் சிமென்ட் பூச்சு; அதன்மேல் புட்டி, பிரைமர், கடைசியாக டிஸ்டெம்பரோ எமல்ஷனோ. டேப்பை உரித்தால் டேப்பும் பெயின்டும் தனித்தனியே பிரியும் என்று நம்புவது மனித இயல்பு. பிடிப்பு எந்த அடுக்கில் மிகக் குறைவோ அங்கேதான் பிரியும் என்பது பொருள்களின் இயல்பு. பசை நல்ல பசையானால் பெயின்ட் புட்டியை விட்டு வரும். பெயின்டும் நல்ல பெயின்டானால் புட்டி பூச்சை விட்டு வரும். விலை உயர்ந்த டேப் வாங்கியவர் சுவரை இன்னும் ஆழமாக அறியும் பேறு பெறுகிறார்.

இதை முன்கூட்டியே அறிய ஒரு சோதனை உண்டு. உள்ளங்கையால் சுவரை ஒருமுறை தேய்க்கவும். வெள்ளையாக மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பு, அல்லது வயதான டிஸ்டெம்பர். அதன்மேல் ஒட்டுவதெல்லாம் மாவில் ஒட்டுகிறதேயன்றிச் சுவரில் ஒட்டுவதில்லை. நள்ளிரவில் பொத்தென்று விழும். வழவழப்பான எமல்ஷன் என்றால் மேற்கொண்டு படிக்கலாம்.

சுவரின் உடல்நலத்துக்குப் பருவமும் உண்டு. யார் வகுத்த அட்டவணையோ, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் எல்லாம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வருகின்றன. வெளிப்பக்கம் நீர் குடித்து உள்பக்கம் பொருக்கு விட்டுச் சுவர் நோயாளியாய்க் கிடக்கும் அந்த மூன்று மாதங்களில்தான் வருடத்தின் அத்தனை தோரணங்களையும் அதன்மேல் ஏற்றுகிறோம். சித்திரையில் அது நன்றாகக் காய்ந்து எதையும் தாங்கத் தயாராக நிற்கும்போது தொங்கவிட நம்மிடம் ஒரு கொத்து வேப்பம்பூவும் மாவிலையும்தான் மிச்சம்.

இத்துறையில் மூன்று சமயங்கள் உள. பழமையானது ஆணிவாதம். சுத்தியல் கிடைக்காத வீட்டில் அம்மிக் குழவி கொண்டும் இது கடைப்பிடிக்கப்பட்டது. ஆனால் தோரணம் வேண்டப்படும் இடம் வாசலுக்கு மேலே. அங்கே பூச்சுக்குப் பின்னால் இருப்பது கான்கிரீட் லிண்டல். சாதாரண ஆணி அதில் நுழையாது. தானும் வளைந்து, சுற்றியுள்ள பூச்சையும் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயர்த்துவிட்டுத்தான் ஓயும். இன்னொன்று, சீரியல் விளக்குக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே அதற்கான ஆணி சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே அடிக்கப்படுகிறது. மறைத்துப் போட்ட ஒயர்க் குழாய் பெரும்பாலும் அதே கோட்டில்தான் மேலேறுகிறது. ஆணிவாதிகளில் சிலர் இந்த உண்மையை நேரடி அனுபவத்தால் அறிந்தவர்கள்.

அடுத்து பசைவாதம். சினிமா போஸ்டருக்குக் காய்ச்சிய மைதா பசைதான் நம் ஊரில் இதன் ஆதி வடிவம். வண்ணத்தாளை முக்கோணமாக வெட்டிச் சணலில் ஒட்டித் தெருவை அடைத்துக் கட்டிய காலத்தில் அது கயிற்றோடு நின்றது. சுவருக்கு வந்தபோது கரப்பானும் உடன் வந்தது. மேல்நாட்டில் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் மாஸ்கிங் டேப்பையும் 1930-ல் ஒளி ஊடுருவும் செல்லுலோஸ் டேப்பையும் கொண்டுவந்தார். முன்னது, காருக்கு இரு வண்ணம் அடிப்பவர்கள் பெயின்டைப் பெயர்க்காமல் ஒட்டி எடுப்பதற்கென்றே பிறந்தது. பெயின்டுக்குத் தீங்கு செய்யாத டேப் கண்டுபிடித்து நூறாண்டு ஆன பின்னும் நாம் அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். காரணம் எளிது: வீடு மாறும்போது வாங்கியதில் மீதி இருக்கிறது.

அதே நிறுவனம் 1996-ல் கமாண்ட் என்ற இழுவைப் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் நுட்பம் உரிப்பதில் இல்லை, இழுப்பதில். வாலைப் பிடித்துச் சுவரோடு ஒட்டினாற்போல மெல்லக் கீழ்நோக்கி இழுத்தால் பட்டை ரப்பராய் நீண்டு மெலிந்து, ஓரத்திலிருந்து தானே பிடியை விடும். ஒட்டுவதற்குமுன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், முப்பது வினாடி அழுத்த வேண்டும், கொக்கியில் எதையும் மாட்டாமல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், புதுப் பெயின்ட் என்றால் ஒரு வாரம் ஆறவிட வேண்டும். பூசாரி வாசலில் நிற்க மாவிலை கட்டும் வீட்டில் ஒரு மணி நேரம் பொறுப்பது நடக்கிற காரியமா என்பது தனி ஆய்வுக்குரியது. கழற்றும் நாளில் அவசரப்பட்டு வாலைத் தன்பக்கம் இழுப்பவருக்கு இது வெறும் டேப்பாகிவிடுகிறது.

இழுக்கும் கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை நம் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒருவர் நிரூபித்துக்கொண்டிருக்கிறார். பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் எண்ணற்ற நுண்மயிர்கள் உள்ளன. அவை சுவரை மிக நெருங்கித் தொடும்போது மூலக்கூறுகளுக்கு இடையே எழும் மெல்லிய கவர்ச்சியே பிடிமானம், பசை ஏதும் கிடையாது. கெல்லர் ஆட்டம் முதலியோர் 2000-ல் ஒற்றை மயிரின் பிடியை அளந்தபோது, அது ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் சாய்ந்தால் தானே விடுபடுவதைக் கண்டனர். பல்லி விரலைச் சுருட்டித் தூக்குவது அதற்குத்தான். இந்த ஜீவன் எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்ததில்லை. எந்தச் சுவரிலும் ஒரு பொட்டுப் பெயின்ட் பெயர்த்ததுமில்லை. நாமோ அது எந்தத் திசையில் கத்தியது என்பதற்கு மட்டும் சாஸ்திரம் எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, கயிற்றுவாதம். நான் இதைச் சேர்ந்தவன் என்பதை வாசகர் இந்நேரம் ஊகித்திருக்கலாம். இதன் முதற்கேள்வி, தோரணத்தை எவ்வளவு இழுத்துக் கட்டுவது. இரு முனையிலும் கட்டித் தொங்கும் கயிறு என்ன வளைவு எடுக்கும் என்பதை 1691-ல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் தனித்தனியே கணக்கிட்டுத் தந்தார்கள். நமக்கு வேண்டியது அதில் ஒரு துளி. தோரணத்தின் எடை 200 கிராம் என்க. முனையில் கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்து தொய்ந்திருந்தால் ஒவ்வொரு கொக்கியிலும் விழும் இழுவை அதே 200 கிராம்தான். "தொங்கிக்கிட்டு கெடக்கு, நல்லா இழுத்துக் கட்டுங்க" என்ற குரல் சமையலறையிலிருந்து வந்து, அதற்குப் பணிந்து 5 பாகை ஆக்கினால், இழுவை ஒரு கிலோவைத் தாண்டிவிடும். முற்றிலும் நேராக்க வேண்டுமானால் முடிவிலி வேண்டும். தொய்வாகக் கட்டுவது சோம்பலன்று, கணிதம். வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தவர்கள் வெற்றி பெற்றதாகத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி, எதில் கட்டுவது. இங்கே மரபைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் பண்டிகை அலங்காரங்களில் சுவரை நம்பி வந்தவை மிகக் குறைவு. கோலம் தரையில் விழுந்துவிட்டது. அதற்குமேல் அது விழ இடமில்லை. வாழைமரம் பந்தக்காலிலோ கேட்டிலோ கட்டப்பட்டது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுபவர்கள் அதைக் கூரை இறவாரத்தில் செருகினார்கள். ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவே அதற்கென்றே அமைந்தாற்போல் சந்து இருந்தது. மாவிலைக்கு மரநிலை, அதில் தாத்தா அடித்த ஆணியிலேயே பேரனும் கட்டினான். கொலுப்படி தன் காலில் தான் நின்றது. சுவருக்குப் பெரும்பாலும் கிடைத்தவை சுண்ணாம்பும் காவிப் பட்டையும்தான், அவையும் அதைப் பழுது பார்க்கவே. ஓடு போய்த் தட்டுக் கூரை வந்தது, சந்து போயிற்று. மரநிலை போய் வேறெதுவோ வந்தது, தாத்தாவின் ஆணி போயிற்று. நடுவில் 'ஹேப்பி பர்த்டே' என்று ஜிகினா எழுத்துகள் பறக்கும் பலூன் வரிசை நுழைந்து, கூடத்துச் சுவரே அலங்காரத்தின் இருப்பிடம் என்ற கருத்தை நிலைநாட்டிவிட்டது.

ஆனால் காலம் ஒரு கையால் பறித்ததை இன்னொரு கையால் கொடுத்திருக்கிறது. திருடனுக்குப் பயந்து நாம் ஜன்னல், பால்கனி, வராந்தா எங்கும் பொருத்திய இரும்புக் கிரில்லைத்தான் சொல்கிறேன். கட்டவும் அவிழ்க்கவும் இதைவிட உகந்த பொருளை நகரம் இதுவரை கண்டதில்லை. நட்சத்திரத்தைத் தொங்கவிட, சீரியல் விளக்கைச் சுற்ற, காகிதத் தோரணத்தின் ஒரு முனையை முடிய அது போதும். மறுமுனைக்குத் திரைச்சீலைக் கம்பி உண்டு. இரும்பு பீரோவிலும் ஃபிரிட்ஜிலும் காந்தக் கொக்கி ஒட்டும். ஜன்னல் கண்ணாடியிலும் வழவழப்பான டைல்ஸிலும் ரப்பர் உறிஞ்சிக் கொக்கி நிற்கும், ஈரத் துணியால் துடைத்து ஒட்டினால் இன்னும் நன்றாக நிற்கும். கொலுவுக்குச் சேலைப் பின்னணி வேண்டுமானால் துணி காயப்போடும் ஸ்டாண்டை விரித்துப் படிக்குப் பின்னால் நிறுத்தலாம். அது என்னவென்று யாருக்கும் தெரியாது. மின்விசிறியின் கம்பியில் மட்டும் எதையும் கட்டக் கூடாது. வருகிற முதல் விருந்தாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக ரெகுலேட்டரை நோக்கித்தான் நடப்பார்.

எஞ்சியிருப்பது கழற்றும் காலம். பசையால் வரும் சேதமெல்லாம் உரிக்கும் கணத்தில்தான் நிகழ்கிறது. ஆதலால் உரிக்காத அலங்காரம் சேதம் செய்யாது. இத்தேற்றத்தைக் கற்காமலே கைக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். டிசம்பர் நட்சத்திரம் சிவராத்திரிவரை நிற்பதும், தை மாவிலை ஆடியில் அப்பளமாகக் காய்ந்து ஆடுவதும் இதனாலேயே. காலி செய்யும் நாள் வரும்போது தேற்றம் உடைகிறது. பழைய டேப்பை ஹேர் டிரையரால் சூடு காட்டி, பசை இளகியபின் மெல்ல உரிக்க வேண்டும். கிரில்லிலும் கண்ணாடியிலும் தங்கிய பசைக்குத் தேங்காயெண்ணெய் கேட்கும். சுவரில் தடவினால் கறை பசையைவிடப் பெரிதாகும்.

ஆணி ஓட்டைக்குப் பெயின்ட் கடையில் ஒரு கிலோ புட்டி வாங்கி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பதே முறை. முறை தெரிந்தவர்களும் கடைசி நாள் ராத்திரி பற்பசையைத்தான் பிதுக்குகிறார்கள். காலையில் ஓனரம்மா வந்து விரலால் தடவி முகர்ந்து பார்ப்பார்கள் என்பதால், புதினா மணம் இல்லாததாகப் பார்த்து வாங்கவும். ஜெல் வகை ஆகாது.