இடுப்பளவு நீரில் ஈயம் மெல்ல இறங்கும் முறைமை

நான்கு அடிக்கு மேற்பட்ட ஆழம் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. ஐந்தாவது அடியில் நடப்பவற்றுக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர். எல்லையை இவ்வளவு கறாராக வகுத்ததற்குக் காரணம் உண்டு. ஆழமான நீரில் தூண்டில் ஈயம் இறங்கி முடிப்பதற்குள் மீன் பார்த்து, யோசித்து, வேண்டுமானால் உறவினரையும் கலந்துகொண்டு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஆழமற்ற நீரிலோ ஈயம் விழுந்த மறுகணம் தரையில் கிடக்கும். மீனுக்கு ஆசைப்பட அவகாசமே இல்லை. அந்த அவகாசத்தை உண்டாக்கிக் கொடுப்பதற்காக அமெரிக்காவில் கடை கடையாகச் சரக்கு விற்கிறது. விடியுமுன் எழுந்து, படகை வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு போகும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். தமிழ் ஆய்வுலகம் இத்துறையில் போதிய கவனம் செலுத்தவில்லை என்று முதற்பகுதியிலேயே வருந்துவது மரபு. வருந்தியாயிற்று.

ஆய்வுக் களமாக ஃபுளோரிடா மாநிலத்து ஓகிச்சோபி ஏரி கொள்ளப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 9 அடி. இத்தனை பெரிய ஏரிக்கு இத்தனை சொற்ப ஆழம் வாய்த்தது ஆய்வாளரின் பேறு. மேற்குக் கரையோரச் சதுப்பில், கோரையும் சம்பும் அல்லியும் மண்டிய இடங்களில், படகைவிட்டு இறங்கினால் இடுப்பு நனையும், மார்பு நனையாது. இறங்கிச் சரிபார்க்க வேண்டாம். அலிகேட்டர் முதலைகளும் அங்கே தம் ஆய்வை நடத்திவருகின்றன. நீருக்கடியில் ஹைட்ரில்லா. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கவிழ்த்த புனலுக்குள் அடைபட்டு நமக்காக ஆக்சிஜன் குமிழி விட்டதே, அதே ஹைட்ரில்லாதான். 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டிக்கு அழகு சேர்க்க இலங்கையிலிருந்து அமெரிக்கா போனது. ஃபுளோரிடாவில் தொட்டியைவிட்டுத் தப்பி, மாநிலத்து நீர்நிலைகளை வளைத்துப் போட்டது. அதை ஒழிக்க அரசு பணத்தைக் கொட்டுகிறது. உண்மையிலேயே ஒழித்துவிடுவார்களோ என்று பாஸ் மீன் பிடிப்பவர்கள் கவலைப்படுகிறார்கள், ஏனென்றால் மீன் ஒளிவது அதற்குள்தான்.

ஆய்வுப் பொருள் இரண்டு. ஒன்று, பெருவாய் பாஸ் மீன். வாயை மூடியிருக்கும்போதும் இதன் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னே போகும். இரையைக் கடிக்கும் வழக்கம் இதற்கு அதிகம் கிடையாது. வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவதும், பிடிக்கவில்லையென்றால் துப்புவதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மற்றொன்று, ஜிக். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி வார்த்துத் தலை செய்வார்கள். தலைக்குப் பின்னே சிலிக்கோன் இழைகளால் ஒரு பாவாடை. முள் செடிகொடியில் மாட்டாதிருக்க விறைத்த நார்க்கற்றை ஒன்று காவலுக்கு நிற்கும். கடைசியாக, முள்ளில் கோத்த மென்பிளாஸ்டிக் வால். பெரும்பாலும் கொடுக்கு விரித்த நன்னீர் இறாலின் வடிவம். கையில் வைத்துப் பார்த்தால் இது எந்த உயிரினத்தையும் ஒத்திருக்கவில்லை என்பது ஆய்வாளரின் கருத்து. நீரில் இறங்கும்போதுதான் பாவாடை விரிகிறது, கொடுக்கு நடுங்குகிறது, சங்கதி உயிர் பெறுகிறது. எனவே ஜிக்கின் ஆயுட்காலம் அது இறங்கும் காலமே.

அக்காலத்தை அளப்போம். அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் எடையுள்ள ஜிக் வினாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், 30 அடி ஆழத்தில் அதற்கு 15 வினாடி ஆயுள். 3 அடியில் 1.5 வினாடி. நிழலில் சும்மா கிடந்த ஒரு மீன், தலைமேல் ஏதோ விழுந்த அதிர்ச்சி நீங்கி, விழுந்தது என்னவென்று திரும்பிப் பார்த்து, பசி எடுத்து, வாய் திறப்பதற்கு ஒதுக்கப்பட்ட மொத்த நேரம் இது. நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஈயத்தைப் பாதியாக்கினால் வேகமும் பாதியாகிவிடும், இதற்கொரு கட்டுரை வேண்டுமோ எனின், அற்றன்று. அது பதினொன்றாம் வகுப்பில் ஆமணக்கெண்ணெய்க்குள் குண்டு போட்டு ஸ்டோக்ஸ் விதியைச் சரிபார்த்தோர் செய்யும் பிழை. சிறு குண்டு, கெட்டி எண்ணெய், மந்த வேகம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் இழுவிசை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஜிக் விழும் நீரில் அது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே பாவாடையையும் வாலையும் தொடாமல் எடையை மட்டும் பாதியாக்கினால் முற்றுத்திசைவேகம் நூற்றுக்கு 30 பங்கு அளவுதான் குறையும். 1.5 வினாடி 2.1 வினாடியாகும். பாதி ஈயத்தைத் துறந்தவருக்குக் கூலி 0.6 வினாடி. எடையைப் பாதியாக்கி, நீரை எதிர்க்கும் பரப்பையும் இரட்டித்தால்தான் வேகம் பாதியாகி 3 வினாடி தேறும்.

இவ்விடத்தில் 1971ஆம் ஆண்டை நோக்குதல் தகும். அவ்வாண்டு ஆகஸ்ட் 2 அன்று அப்போலோ 15 பயணத்தின் தளபதி டேவிட் ஸ்காட், நிலவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் வல்லூற்றின் இறகும் ஏந்தி, இரண்டையும் ஒருசேர விட்டார். இரண்டும் ஒருசேர விழுந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அலபாமாக்காரரான ரே ஸ்காட், 24 தூண்டில்காரர்களை விமானத்தில் ஏற்றி, எங்கே போகிறோம் என்பதை வானத்தில் வைத்துத்தான் சொல்லி, நெவாடாவின் மீட் ஏரிக்குக் கொண்டுபோய் முதலாவது பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியை நடத்தினார். பாபி மர்ரி வென்றார். 10,000 டாலர் பரிசு முழுவதும் அவர் ஒருவருக்கே. இரண்டு ஸ்காட்டுகள், இரண்டு வீழ்ச்சிகள், ஒரே ஆண்டு. இவற்றை இணைத்துப் பார்க்காதது அறிவியல் வரலாற்றின் பெருங்குறை. ஏனெனில் மராபு ஜிக் எனப்படும் மென்னிறகு கட்டிய ஜிக், சுத்தியலையும் இறகையும் ஒரே நூலில் கட்டியதன்றி வேறல்ல. நிலவில் அது தடாலென்று விழும். மீட் ஏரியில் இறகு நீரைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக இறங்கும். எனவே நிலவில் பாஸ் பிடித்தல் இயலாது என்பது பெறப்படும்.

மெதுவாக்கும் வழிகளில் எளியது தலையைக் குறைப்பது: 3/16 அவுன்ஸ், 5 கிராம் சொச்சம். ஆனால் சிறிய தலை காற்றடித்தால் குறி தப்பும். அல்லி இலைமேல் விழுந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். அவ்வாறு உட்கார்ந்ததை மிக மிக மெல்ல இறங்குவதாகக் கொள்வதா, இறங்காமை எனத் தனி வகையாகக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது. ஆகையால் கைதேர்ந்தவர்கள் தலையை ஓரளவு கனமாகவே வைத்துக்கொண்டு வாலைப் பெரிதாக்குவார்கள். முன்னாளில் அந்த வால் பன்றித்தோல். விஸ்கான்சின் மாநிலத்தில் 1920களில் தோன்றிய அங்கிள் ஜாஷ் நிறுவனம், கொழுப்போடு கூடிய தோலை உப்புநீரில் ஊறவைத்துக் கண்ணாடிச் சீசாவில் அடைத்து விற்றது. குளிர்ந்த நீரிலும் துவண்டு நெளியும். மெல்ல இறங்குவதற்கு அதுபோல் வேறில்லை. வெயிலில் மறந்து வைத்துவிட்டால் காய்ந்து கட்டையாகிவிடும், அது ஒன்றுதான் குறை. பிளாஸ்டிக் வந்தபின் பன்றிகளுக்கு இத்துறையிலிருந்து ஓய்வு கிடைத்தது.

தூண்டில் நரம்பும் கணக்கில் வரும். ஃபுளோரோகார்பன் நரம்பின் அடர்த்தி நீரைப்போல் 1.78 மடங்கு, மூழ்கும். நைலான் 1.14 மடங்கு, மூழ்கலாமா என்று யோசிக்கும். பின்னல் நரம்பு மிதக்கும். கடைக்காரர் முதலாவதைத்தான் எடுத்துக் காட்டுவார். இடுப்பளவு நீருக்குப் பழைய தடித்த நைலானே மேல் என்பது இவ்வாய்வின் முடிபு.

உலோகத்தின் கதை வேறு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1 அவுன்ஸும் அதற்குக் குறைந்த எடையும் உள்ள ஈய ஜிக்குகள் 2016 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. லூன் என்னும் நீர்ப்பறவை அவற்றை விழுங்கி, ஈயநஞ்சு ஏறிச் சாவதே காரணம். மாற்றாக வந்த டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி மிக்கது. அதே எடைக்குத் தலை சிறுத்து, சட்டென்று இறங்கிவிடும். வெள்ளீயமும் பிஸ்மத்தும் அடர்த்தி குறைந்தவை. தலை பருத்து, இறக்கம் தாமதிக்கும். ஒரு பறவையைக் காக்க எழுந்த சட்டம் இக்கட்டுரையின் கொள்கைக்கும் முட்டுக்கொடுக்கிறது.

இதுவரை சொன்னவை புறக்காரணங்கள். அகக்காரணம் ஒன்று உண்டு, அது கை. ஜிக் நீரைத் தொட்டதும் நரம்பைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஜிக் நேரே இறங்காது. ஊசல்போல் வளைந்து படகை நோக்கி வந்துவிடும், மீனோ கோரையடியில் காத்துக்கொண்டே இருக்கும். தளர்த்தியபின் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. 3 வினாடி ஒன்றும் செய்யாதிருக்க வேண்டும். இங்கேதான் தத்துவம் முழுவதும் கவிழ்கிறது. பாவாடைக்கும் வாலுக்கும் நரம்புக்கும் காசைக் கொட்டி வாங்கிய அந்த 3 வினாடியில், இரண்டாவது வினாடியிலேயே கை துறுதுறுக்கும். லேசாக ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்போமே என்று தோன்றும். ஆட்டியவுடன் ஜிக் மேலெழும்பும், மீன் விலகிப் போகும். பிறகு அந்த மனிதர் கடைக்குப் போய் இன்னும் மெல்ல இறங்கும் ஜிக் இருக்கிறதா என்று கேட்பார். பொறுமை விற்பனைக்கு இருக்கும்வரை அதைப் பழகுவானேன்?

பொறுத்தவருக்கு நரம்பு சேதி சொல்லும். 3 அடி நீரில் 2 அடி இறங்கியதுமே நரம்பு நின்றுவிட்டால், ஏரிக்கு இடையில் இன்னொரு தரை முளைத்ததாகப் பொருளில்லை. ஜிக் ஒரு வாய்க்குள் இருக்கிறது. ஜிக்கைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைப்பதும் கையின் வேலையே. கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் 1970களில் பரப்பிய முறையில், நீண்ட தூண்டில் கோலைக்கொண்டு, தலைக்குமேல் சுழற்றி வீசாமல், ஜிக்கை ஊசலாட்டித் தாழ்வாகச் செலுத்திச் செடியிடுக்கில் இறக்குவார்கள். 1975இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் அதைக்கொண்டே அவர் போட்டியில் வென்றார்.

மெல்ல இறங்கினால் மீன் நன்றாகப் பார்த்து, போலி என்று கண்டுகொள்ளாதோ எனின், அதற்கு விடை இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் உள்ளது. 1970களின் பிற்பகுதியில் அங்கே தூண்டிலில் சிக்கிய ஒவ்வொரு பாஸையும் அளந்து, அடையாளமிட்டு, திரும்ப விட்டுக் கணக்கு வைத்தார்கள். ஒரு மீன் முதல் இரண்டு நாளில் 3 முறை சிக்கியது. இன்னொன்று ஓராண்டில் 16 முறை. அந்த மீன் தகவல் போதாமல் ஏமாந்தது என்று எவரும் சொல்ல முடியாது. ஏரியை வடித்துப் பார்த்தபோது கிடைத்த சுமார் 1,700 மீன்களில் 200 ஒருமுறைகூடச் சிக்காதவை. டேவிட் ஃபிலிப்பும் உடன் ஆய்ந்தோரும் சிக்குபவற்றைத் தனியாகவும் சிக்காதவற்றைத் தனியாகவும் மூன்று தலைமுறை வளர்த்து, சிக்கும் குணம் பரம்பரையாக வருவது என்று 2009இல் வெளியிட்டார்கள். ஏமாறுவது குடும்பச் சொத்து.

அதன்பின் வந்த முடிவுதான் இவ்வாய்வாளரைச் சற்றே நிறுத்தியது. இளவேனிலில் நீர் 15, 16 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆண் பாஸ் கரையோரத்து ஆழமற்ற நீரில் குழி பறித்துக் கூடமைக்கும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் கிடப்பது தகப்பனே. எளிதில் சிக்கும் வம்சத்து ஆண்களே கூட்டை மூர்க்கமாகக் காப்பவை, குஞ்சுகளை அதிகம் கரைசேர்ப்பவை என்று 2012இல் தெரியவந்தது. கூட்டுக்குமேல் மெல்ல இறங்கும் ஜிக்கை அது உறிஞ்சுவது பசியால் அன்று. அந்தத் தகப்பனைத் தூக்கி, எடை பார்த்து, படமெடுத்து, பெருந்தன்மையோடு திரும்ப விடுவதற்குள் புளூகில் மீன்கள் வந்து முட்டையைத் தின்றிருக்கும். கூட்டின்மேல் ஜிக் இறக்குவதை இக்கட்டுரை வீரமாகக் கொள்ளவில்லை.

இறுதியாக எதிர்ச்சான்றுகள். உலகச் சாதனைப் பெருவாய் பாஸ் இரண்டு. முதலாவதை 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெரி பிடித்தார். 22 பவுண்டு 4 அவுன்ஸ். பிடித்த தூண்டிலில் இருந்தது மரத்தாலான போலி மீன். சாதனையைக் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டுவிட்டார். இரண்டாவதை 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தார். 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பழைய எடையை 2 அவுன்ஸாவது தாண்டினால்தான் புதுச் சாதனை என்பது விதி; ஆகவே இருவரும் சமம். குரிட்டா கோத்தது உயிருள்ள புளூகில். ஆக, இரண்டில் ஒன்றுகூட ஜிக்கில் சிக்கியதல்ல. இச்சான்றுகள் இவ்வாய்வின் முடிபுகளுக்குப் பாதகமாக இருப்பதால் மரபுப்படி பின்னிணைப்புக்கு அனுப்பப்பட்டன. இடமின்மை கருதிப் பின்னிணைப்பு சேர்க்கப்படவில்லை.