ஒண்டுக்கு மூண்டு உறுதி

மெயின்பிரேம் எண்டு நீ வாய் நிறையச் சொல்லேக்கையே விளங்கிட்டுது மோனை, சம்பளம் கூடிட்டுது எண்டு. ரொறன்ரோவிலை வங்கி வேலை. காரைநகருக்கு லீவிலை வந்தும் விடிய விடிய மடிக்கணினியோடை இருக்கிறாய். கொம்மா தோசையைச் சுட்டு மூடி வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறா. கேட்டால், வட்டைக் கொப்பி எடுக்கிறாயாம். எடு ராசா, எடு. ஆனா அதுக்கு ஏன் இந்த எடுப்பு?

நான் நொத்தாரிசு கந்தோரிலை உறுதிப்படி எழுதித் தேய்ஞ்ச கை. கொப்பி எடுக்கிறதைப் பற்றி எனக்கும் ரெண்டு கதை தெரியும்.

முதல்லை உந்த வட்டின்ரை கதையைப் பாப்பம். 3390 எண்டு பேர். அதிலை மூண்டாம் மொடலுக்கு 3,339 சிலிண்டர், சிலிண்டருக்குப் 15 தடம், தடத்துக்கு 56,664 பைட்டு எண்டு நீ மந்திரம் மாதிரி ஒப்புவிச்சாய். நான் கணக்குப் போட்டுப் பாத்தன். மூண்டு கிகாபைட்டும் தேறாது. உன்ரை கலியாண வீடியோ அதுக்குள்ளை அடங்குமோ? பேந்து மெல்லமாச் சொல்லுறாய், அந்த வட்டை இப்ப ஒருத்தரும் செய்யிறேல்லையாம், புதுப் பெட்டி ஒண்டு அதைப்போலை நடிக்குதாம். அட, இல்லாத வட்டுக்கோ நித்திரை முழிக்கிறாய்?

கொப்பி எடுக்கிற சாமானுக்கு டி.எஃப்.எஸ்.எம்.எஸ்.டி.எஸ்.எஸ். எண்டு பேராம். பல்லுக் கட்டினவன் சொன்னால் பல்லுக் கழண்டு விழும். சரி, பேர் கிடக்கட்டும். அதிலை கொப்பி எடுக்க வழி ரெண்டு. வட்டை அப்பிடியே இன்னொரு வட்டிலை படியெடுக்கலாம். இல்லாட்டில் முழுக்கச் சுருட்டி ரேப்பிலை இறக்கலாம். வேலை முடிய ஒரு இலக்கம் வரும். சைபர் வந்தால் வெற்றி. எங்கட காலத்திலை சைபர் எடுத்தால் வாத்தியார் முழங்காலிலை விடுவார். நீங்கள் சைபரைக் கண்டால் தேத்தண்ணி குடிக்கப் போறியள்.

அந்தச் சைபர் என்ன சொல்லுது? சொன்னதைச் செய்தன் எண்டு சொல்லுது. அவ்வளவுதான். நீ சரியானதைச் சொன்னியோ எண்டு அதுக்கென்ன தெரியும்? எடுக்கிற வட்டையும் போடுற வட்டையும் நித்திரைத் தூக்கத்திலை மாத்திக் குடுத்தால், வெறும் வட்டு நிறைஞ்ச வட்டுக்கு மேலை போய்க் குந்தும். அதுக்கும் சைபர்தான். சில நேரம் ஒப்பரேற்றரை ஒருக்கால் கேக்குமாம், எழுதட்டோ எண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர் மோனை வேண்டாம் எண்டு சொல்லுவான்?

உறுதி எழுதிற முறையைக் கேள். நொத்தாரிசு ஒரு உறுதியை மூண்டு படி எழுதோணும். மூலம் காணிக்காரனுக்கு. ஒண்டு நொத்தாரிசின்ரை பெட்டகத்துக்கு. மற்றது அடுத்த மாசம் 15ஆம் திகதிக்கு முன்னம் காணிப் பதிவுக் கந்தோருக்குப் போகோணும். 1907ஆம் ஆண்டு நொத்தாரிசு கட்டளைச் சட்டம். உங்கட ஐ.பி.எம். 360 மெயின்பிரேமை அறிவிச்சதே 1964இலை எல்லே? மூண்டுக்கும் ஒரே இலக்கம், ஆனா மூண்டும் மூண்டு கூரைக்குக் கீழை. உங்கட மெசினிலை கொப்பிக்கும் அதே ஆறெழுத்துப் பேரைக் குடுத்தால் ரெண்டும் ஒண்டா லைனிலை நிக்கேலாதாம், ஒண்டை ஒதுக்கிப்போடுமாம். மெசினுக்குப் புத்தி இருக்கு.

இன்னொண்டு. வித்தவனும் ரெண்டு சாட்சியும் கையெழுத்து வைக்க முன்னம் எந்த நொத்தாரிசும் படியைக் கட்டி அனுப்பான். நீங்கள்? ஆரோ ஒருத்தன் கோப்பைப் பிடிச்சு எழுதிக்கொண்டிருக்க, பரவாயில்லை எடு எண்டு சொல்ல அந்த மெசினிலை ஒரு கட்டளையே இருக்காம். பாதி பழைய கணக்கு, பாதி புதுக் கணக்கு. அந்தப் படியை வைச்சு ஆற்றை காசை ஆருக்குக் குடுக்கப் போறாய்?

ஃபிளாஷ்கொப்பி எண்டு வேறை ஒண்டைச் சொல்லிப் பெருமைப்பட்டாய். கண் மூடித் திறக்க முடிஞ்சுது எண்டு சொல்லுமாம், ஆனா உள்ளுக்கை பேந்துதான் எழுதுமாம். அதுக்குக் கோவமில்லை. பகல் வேலையை நிப்பாட்டாமல் எடுக்க அது நல்ல வழிதான். ஆனா மூலமும் படியும் ஒரே பெட்டிக்குள்ளை எல்லே? பெட்டி எரிஞ்சால்?

எரியாது எண்டு சொல்லாதை. 1981இலை யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சாங்கள், 97,000 புத்தகம். அச்சுப் புத்தகத்தைத் திருப்பி வாங்கலாம். வேறை எங்கையும் படி இல்லாத ஏட்டை எங்கை போய் வாங்கிறது? 2025 செப்ரெம்பரிலை தென்கொரியாவிலை டேஜோன் அரசாங்கத் தரவு மையத்திலை பற்றறியிலை நெருப்புப் பிடிச்சுது. அரச ஊழியரின்ரை கோப்பு 858 ரெராபைட்டு போச்சுது. அவ்வளவு பெரிசுக்கு வெளியிலை படி வைக்கேலாது எண்டு விட்டவங்களாம். கொரியாக்காரன் போனைச் செய்து உனக்கு விக்கிறவன்!

நெருப்பே தேவையில்லை. எங்கட கொழும்பிலை 2023 ஓகஸ்ரிலை அரசாங்க மின்னஞ்சலுக்குள்ளை கப்பம் கேக்கிற கிருமி பூந்தது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரைக்குமான கடிதம் எல்லாம் போச்சு. படி இருந்ததோ? இருந்தது. அதுவும் அதே லைனிலை நிண்டபடியால் கிருமி அதையும் பூட்டிப்போட்டுது. கழட்டித் தள்ளி வைச்ச படி ஒண்டும் இல்லை. மந்திரிசபைக் கந்தோருக்கே இந்தக் கெதி.

சண்டைக் காலத்திலை நாங்கள் இடம்பெயர்ந்து பொன்னாலைப் பாலம் கடந்து ஓடேக்கை ஆர் றங்குப்பெட்டியைத் தூக்கினது? பிள்ளையைத் தூக்கவோ, உறுதியைத் தூக்கவோ? திரும்பி வந்து பாத்தால் பெட்டியும் இல்லை, சில வீட்டிலை சுவரும் இல்லை. பேந்து சனம் பதிவுக் கந்தோருக்குப் போய்ப் படிக்கு விண்ணப்பம் குடுத்துது. உறுதி இலக்கம் தெரிஞ்சவன் கெதியா எடுத்தான். தெரியாதவன் இடாப்புப் புரட்டிப் புரட்டி அலைஞ்சான். அதையும் குறிச்சுக்கொள்: எந்த ரேப்பிலை எந்த வட்டு எண்ட குறிப்பு, அந்த வட்டுக்குள்ளையோ கிடக்கு?

நேற்று உன்னட்டை ஒண்டு கேட்டனான், நீ கதையை மாத்திப்போட்டாய். ஒவ்வொரு ராவும் இறக்கிறியளே, ஒண்டையாவது திருப்பி ஏத்திப் பாத்தனியளோ? வருசத்துக்கு ஒருக்கால் ஒத்திகை இருக்காம், அதுக்கும் முதலே ரேப்பைத் தெரிஞ்சு வைப்பினமாம். பரீட்சைக்கு முன்னம் கேள்வித்தாளை வாங்கிப்போட்டு எழுதிற பிள்ளைக்கு ஏன் றிப்போட்?

தோசை ஆறுது, எழும்பு. ஞாயிற்றுக்கிழமை பழைய ரேப் ஒண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லி, வேறை வட்டிலை ஏத்திப் பாத்துப்போட்டு வா. சைபர் வந்தது எண்டு என்னட்டைச் சொல்லாதை. உள்ளுக்கை என்ன கிடந்தது எண்டு சொல்லு.