நைஸ் இயல்: பொது சர்வரில் ஆடும் சதுரங்க என்ஜின்களின் பணிவு குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு சர்வரில் பலர் குடியிருக்க, அவருள் சிலர் சதுரங்க என்ஜின்களை இரவு பகலாக ஓடவிட, ஏனையோர் ஒரு கோப்பைத் திறக்கவும் காத்துக்கிடத்தல் உலக வழக்கு. இந்நோய்க்கு யூனிக்ஸ் முன்னோர் கண்ட மருந்து நைஸ் எண். லினக்ஸில் அது -20 முதல் 19 வரை செல்லும். எண் ஏற ஏற முன்னுரிமை இறங்கும். எதுவும் கேளாத ப்ராசஸுக்கு 0. இவ்வெண்ணுக்கும் நல்லொழுக்கத்துக்கும் உள்ள உறவே ஈண்டு ஆய்பொருள்.

2. பணிவின் எடை

2007-இல் இங்கோ மோல்னார் லினக்ஸில் சேர்த்த, ப்ராசஸ்களுக்குக் கோர் நேரத்தைப் பங்கிடும் சிஎஃப்எஸ் ஷெட்யூலர் பணிவைத் தராசில் நிறுத்தது. நைஸ் 0-இன் எடை 1,024; 10-இன் எடை 110; 19-இன் எடை 15. ஒரே கோரில் 0-உம் 19-உம் முட்டிக்கொண்டால் முன்னதற்கு 98.6 விழுக்காடு, பின்னதற்கு 1.4. பணிவைத் தசமப் புள்ளி வரை அளந்து சொன்ன அறநூல் பிறிதில்லை.

அஃதாயின் 19-இல் கிடக்கும் என்ஜின் என்றும் பட்டினியோ எனின், அற்றன்று. போட்டிக்கு ஆளில்லாத நள்ளிரவில் முழுக் கோரும் அதற்கே. எல்லோரும் 19-க்கு இறங்கிவிட்டாலோ எடைகள் சமமாகி, அவரவர்க்குப் பழைய பங்கே கிட்டும். ஊரே பணிந்த இடத்தில் பணிவுக்கு மதிப்பில்லை என்பது இதனால் பெற்றாம்.

இன்னொன்று: எண்ணைக் கூட்டிக்கொள்ள எவர்க்கும் தடையில்லை. மறுநாள் மனம் மாறி ரீநைஸ் செய்து குறைக்க முயன்றால், பொதுவாக ரூட் எனும் நிர்வாகி அல்லாதார்க்கு அனுமதி மறுக்கப்படும். கொடுத்த பணிவு திரும்பாது.

3. கடிகாரம் பணியாமை

என்ஜின் படிப்படியாக ஆழம் கூட்டித் தேடி, நேரம் தீர்ந்ததும் கையிலிருக்கும் சிறந்த நகர்வை ஆடும். ஷெட்யூலர் அதை ஓரமாக நிறுத்திவைத்த பொழுதும் ஆட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பணிந்த என்ஜின் ஆழம் குறைந்து தோற்கும். ஸ்டாக்ஃபிஷ் என்னும் என்ஜினில் 'மூவ் ஓவர்ஹெட்' என்று தாமதத்துக்காகச் சில மில்லிநொடிகளை ஒதுக்கும் அமைப்பு உண்டு. நெரிசல் மிக்க சர்வரில் அதைக் கூட்டாதவர், வெல்லும் நிலையிலும் நேரம் போய்த் தோற்க நேரும்.

எதிரியின் முறையிலும் யோசிப்பது பாண்டரிங் எனப்படும். எதிரியும் அதே கோரில் இருந்தால் அது எதிரியின் மூளையையே தின்பதாகும். ஒரே கணினியில் போட்டி நடத்துவோர் பாண்டரிங்கை அணைத்துவைப்பது இது பற்றியே என்க.

4. போலிப் பணிவு

'நான் நைஸ் 5-இல்தான் ஓடுகிறேன்' என்று அடக்கமாகச் சொல்பவரை ஐயுறுக. 5-இன் எடை 335. அவர் எட்டு த்ரெட் ஓடவிட்டால் மொத்தம் 2,680. அதே கோரில் நைஸ் 0-இல் ஒற்றை த்ரெட்டோடு ஓடுபவர்க்கு 1,024-தான்; அடக்கமானவர்க்கோ 72 விழுக்காடு. பந்தியில் ஒரே வீட்டார் எட்டுப் பேர் அமர்ந்து, ஆளாளுக்கு 'எனக்குக் கொஞ்சமா வைங்க' என்பதை ஒக்கும் இது.

5. பரிகாரம்

ஒன்று, பயனருக்கொரு சிகுரூப் (ப்ராசஸ் குழு) வகுத்தல். த்ரெட்டை எண்ணாமல் பயனரை எண்ணிப் பங்கிடுவதால் எட்டு த்ரெட்டும் ஒரு பங்குக்குள் அடங்கும். மற்றொன்று, கடிகாரத்தை நீக்கி, நகர்வுக்கு இத்தனை நிலைகளே ஆராயலாம் என்று வரம்பிடல். என்ஜின்களோடு பேச உதவும் யூசிஐ நெறிமுறை இதற்கு இடம் தருகிறது. அப்போது பணிந்தவர் ஆட்டம் தாமதமாகுமே தவிர, தரம் தாழாது.

6. மேலும் ஆய்வுக்குரியது

சர்வர் நிர்வாகியும் ஓர் என்ஜின் வைத்திருந்தால்? ரூட் உரிமை அவரிடம். -20-இன் எடை 88,761. ஒரே கோரில் அவரை எதிர்த்து 0-இல் ஆடுபவர்க்கு ஏறக்குறைய 1.1 விழுக்காடே மிஞ்சும். சிகுரூப் வகுப்பவரும் அவரே ஆதலின் மேற்சொன்ன பரிகாரங்கள் இவண் செல்லா. அவரிடம் தோற்பதே சர்வரில் நம் கணக்கு நீடிக்க வழி என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.