கம்பியில் குத்திய பில்கள்

வேப்பந்தட்டையிலிருந்து ஒரு மக்காச்சோள விவசாயி: கரண்ட் பில், மளிகைப் பாக்கி, நகைக் கடன் ரசீது, குழுக் கடன் அட்டை என்று வீடு முழுக்கக் காகிதம். எங்கே ஆரம்பிப்பது?

தரையில் ஆரம்பியுங்கள் ஐயா. கம்பியில் குத்தியது, பீரோவில் செருகியது எல்லாவற்றையும் எடுத்துப் பரப்புங்கள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதி, என்ன வட்டி. பிறகு தேதிகளைத் தினசரிக் காலண்டரில் ஏற்றுங்கள். உங்கள் சோளக் காசு தை, மாசியில் மொத்தமாக வருகிறது. தவணையோ வாராவாரம் வருகிறது. நடுவில் உள்ள மாதங்களில்தான் புதுக்கடன் முளைக்கிறது. சோளம் விற்ற அன்றே அடுத்த ஆறு மாதத் தவணைக்கும் பில்லுக்கும் உரியதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். 2018-ல் படைப்புழு வந்ததே, நினைவிருக்கிறதா? வயல் கைவிட்டது, தவணைத் தேதி கைவிடவில்லை. விளைந்த வருஷத்தில் கொஞ்சமாவது மிச்சம் பிடிக்கச் சொல்வது அதனால்தான்.

ஜெயங்கொண்டம் வாசகர்: முதலில் எதை அடைப்பது? சின்னக் கடனையா, பெரிய கடனையா?

வட்டி கூடினதை. ‘இரண்டு வட்டி’ என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். கிரெடிட் கார்டில் ‘மினிமம்’ மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதம் மூன்று, மூன்றரை வட்டி ஓடும்; அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தண்டல் இதையெல்லாம் விழுங்கிவிடும். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். 1,500 தானே என்று தோன்றும். மறுநாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். 8,500-உம் முழுசாக உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நாள். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டும். சொசைட்டிப் பயிர்க்கடனுக்கோ கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அந்தக் கெடுவைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள், தவறவிடாதீர்கள். ஆனால் கெடு வர நாலு மாதம் இருக்கும்போதே அதைக் கட்டிவிட்டுத் தண்டலை ஓடவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

செந்துறை வாசகி: கரண்ட் பில் திடீரென்று எகிறிவிட்டது. மீட்டர் கோளாறா?

இருக்கலாம். அதற்கு முன் அட்டையில் எழுதிய ரீடிங்கைப் பாருங்கள் அம்மா. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினீர்களா? தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரைக்கும் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். மாதம் ஒருமுறை நீங்களே மீட்டரைப் பார்த்து எழுதி வந்தால், 490-இல் நிறுத்திக்கொள்ள வழி உண்டு.

குன்னம் வாசகி: மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை எந்தக் கடனுக்கு ஒதுக்கலாம்?

கடனுக்கு வேண்டாம். கரண்டுக்கும் சிலிண்டருக்கும். அவை இரண்டும் நிம்மதியாக நடந்தாலே பாதிக் கைமாற்று நின்றுபோகும்.

ஆண்டிமடம் வாசகி: முந்திரி இந்த வருஷம் காய்க்கவில்லை, இரண்டு தவணை நின்றுவிட்டது. குழுக் கடன் வசூலுக்கு ராத்திரி 8 மணிக்கு வாசலில் வந்து உட்காருகிறார்கள். தெருவே பார்க்கிறது.

கூனிக் குறுகாதீர்கள் தாயே. தவணை நின்றது குற்றமில்லை. இப்படி வந்து உட்காருவதுதான் முறைகேடு. 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, குழுக் கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக்கூட முடியாது. மிரட்டல், ஏச்சு எதுவும் கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவும் கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று அதே காலண்டரில் எழுதுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் போடுங்கள். கூடவே, தவணையைக் குறைத்து நாளை நீட்டித் தரச் சொல்லி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகி: கணவருக்குத் தெரியாமல் 40,000 வாங்கிவிட்டேன். சொல்லலாமா?

இன்றைக்கே சொல்லுங்கள். மறைத்து வைத்த கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கத்தான் நேரும். கை ஓங்குகிற வீடு என்றால் அண்ணனையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் பேச்சு நிற்கும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலண்டரை இறக்கி அவர் கையில் பேனாவைக் கொடுங்கள். அடுத்த தவணைத் தேதியை அவரே எழுதட்டும்.