முதல் மரியாதையும் மேல்முறையீடும்

தன் வலிமையை நம்புவதற்கு முன் இறைவனை நாடவேண்டும் என்ற கொள்கையைக் கொங்கு நாட்டில் மறுப்பார் எவருமில்லை. மறுப்பாரில்லாத கொள்கைகளுக்கு நேரும் கதி அதற்கும் நேர்ந்து, எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட காரணத்தாலேயே அதைச் சோதித்துப் பார்ப்பாரும் இல்லாமற் போயினர். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த கொமரலிங்கத்தை இதற்கான ஆய்வுக்களமாகக் கொள்வதில் ஒரு நியாயம் உண்டு. மாவட்டத்தின் வடபுறத்தில் பனியன் கம்பெனி நடத்துவோர் தம் உழைப்பால் முன்னுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ள ஓரளவு இடமிருக்கிறது (நூல் விலையும் டாலர் மதிப்பும் எந்த உழைப்பில் சேர்த்தி என்பது வேறு விசாரணை). நெல் நடும் கொமரலிங்கத்துக்கு அந்தச் சலுகையும் இல்லை. கேரளத்தின் மறையூர், காந்தளூர் மலைகளில் பெய்யும் மழை பாம்பாற்றில் இறங்கி வந்து, 90 அடி முழுக்கொள்ளளவு மட்டம் கொண்ட அமராவதி அணையில் தேங்கி, பின்னர் ராஜவாய்க்கால் எனப்படும், அணைக்கும் முற்பட்ட பழைய பாசனக் கால்வாய்களின் வழியாக வயலை அடையவேண்டும். மழை பெய்யவேண்டும், அணை நிறையவேண்டும், தண்ணீர் திறக்க உத்தரவு வரவேண்டும், மேல்மடைக்காரர் மனமிரங்கவேண்டும். இத்தனைக்கும் நடுவில் விவசாயியின் கையில் இருப்பது மண்வெட்டி ஒன்றே.

இத்தகைய ஊரில் கடவுள் முதலிடத்தில் இருப்பதில் வியப்பில்லை. அந்த இடத்தில் அவருக்கு என்ன வேலை தரப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

கொங்குப் பகுதியில் பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது, தோட்டம் வாங்குவது போன்ற பெருங்காரியங்களுக்கு முன் ‘பூக் கேட்டல்’ என்னும் வழக்கம் உண்டு. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து, வேறுபாடு தெரியாதவாறு கட்டி, சந்நிதியில் வைத்து வணங்கியபின், அங்கு நிற்கும் ஒரு குழந்தையை அழைத்து ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வர்; வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு என்பது பெருவழக்கு. காங்கேயம் அருகிலுள்ள சிவன்மலை முருகன் கோயிலில் இம்முறை ஒரு நிறுவனமாகவே வளர்ந்துள்ளது. பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் தோன்றி ஒரு பொருளைக் குறிப்பிட, அவர் கோயிலுக்கு வந்து சொல்ல, பூக் கேட்டு உறுதி செய்தபின் அப்பொருளை ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ என்னும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கின்றனர். அடுத்த உத்தரவு அடுத்த பக்தரின் கனவில் வரும்வரை அது அங்கேயே இருக்கும். பொருளைச் சொல்லும் ஆண்டவர் அதன் பொருளைச் சொல்வதில்லை என்பதால், மஞ்சள் வைத்தால் மஞ்சள் விலை ஏறுமா இறங்குமா என்பது பக்தர்களின் ஆராய்ச்சிக்கு விடப்படுகிறது. ஏதேனும் ஒன்று நடந்தே தீரும் என்பதால் இந்த ஆராய்ச்சி இதுவரை தோற்றதில்லை.

சிவன்மலையில் கேள்வி ஆண்டவருடையது. ஊர்க் கோயிலில் கேள்வி நம்முடையது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பூக் கேட்க வரும் குடும்பம் பெரும்பாலும் பெண்ணைப் பார்த்து, சீர்வரிசை பேசி, மண்டபத்தில் தேதி காலியா என்றும் விசாரித்த பிறகே வருகிறது. அப்போது சாமிக்கு முன் வைக்கப்படுவது ஒரு கோப்பு, எதிர்பார்க்கப்படுவது ஒரு கையெழுத்து. வெள்ளை வந்தால் பேச்சுக்கு இடமில்லை. சிவப்பு வந்தால்தான் பக்தியின் சட்ட நுணுக்கங்கள் வெளிப்படுகின்றன. “மனசுல ஒன்ன நெனச்சுட்டு வாய்ல ஒன்னச் சொல்லிட்டீங்க, மறுக்காக் கேளுங்க” என்று பெரியம்மா ஒருவர் கேள்வியிலேயே குறை கண்டுபிடிப்பார். எடுத்த குழந்தை இடக்கையால் எடுத்தது என்பது அடுத்த ஆட்சேபம். மூன்று முறையும் சிவப்பே வந்தால், இது ஊர்ச் சாமி, கலியாண விஷயத்தைக் குலதெய்வத்திடம் அல்லவா கேட்டிருக்கவேண்டும் என்று கீழ் நீதிமன்றத்தின் அதிகார வரம்பே கேள்விக்குள்ளாகிறது. குலதெய்வமும் கைவிட்டால், இருக்கவே இருக்கிறது பழனி; கொமரலிங்கத்திலிருந்து தொலைவும் அதிகமில்லை. இத்தனை படிகளையும் ஏறி இறங்கும் குடும்பத்தை எவரும் பக்தியில்லாத குடும்பம் என்று சொல்லிவிட முடியாது.

தமிழ் வைணவம் இந்தச் சிக்கலை முன்பே கண்டு, அதற்காகவே இரண்டாகப் பிரிந்தது எனலாம். சரணாகதி, அதாவது தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று இறைவனிடம் முழுமையாக ஒப்படைத்தல், எப்படி நிகழ்கிறது என்னும் வினாவுக்கு வேதாந்த தேசிகர் (1268–1369) வழிவந்த வடகலையார், குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் உயிரும் தன் பங்குக்குப் பற்றவேண்டும் என்றனர்; இது மர்க்கட நியாயம். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்கையில் குட்டி ஒன்றும் செய்வதில்லை என்றனர். இது மார்ஜார நியாயம். இரு தரப்பாரும் எத்தனையோ நுட்பங்களை ஆராய்ந்தனர். ஆயினும் தாயின் வாயில் தொங்கியபடியே “அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம்” என்று வழி சொல்லும் பூனைக்குட்டி அவர்களுடைய உரைநூல்களில் இடம்பெறவில்லை. அவர்கள் பூக் கேட்பதைப் பார்த்ததில்லை போலும்.

இக்குட்டியைப் பகல் வெளிச்சத்தில் காணவேண்டுமானால் ஆழ்குழாய்க் கிணறு போடுமிடத்துக்குச் செல்லவேண்டும். வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் போர் போடுவதென்று முடிவானதும் பூக் கேட்கப்படுகிறது, வெள்ளை வருகிறது. பிறகு நீரோட்டம் பார்ப்பவர் வருகிறார்; உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் எந்த இடத்தில் எழுந்து நிற்கிறதோ அங்கே சுண்ணாம்பால் குறியிடுகிறார். சாமி சொன்னபிறகு தேங்காய் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. சாமி போடலாம் என்றுதான் சொன்னது, எங்கே என்று சொல்லவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, எலுமிச்சம்பழம் நசுக்கப்பட்டு, இரைச்சலோடு வேலை தொடங்குகிறது. முதல் இருநூறு அடி வரை நிலத்துக்காரர் தன் வலிமையில் நிற்கிறார். அதாவது துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் சொல்கிறார். நானூறு அடியில் வெள்ளைப் புழுதி மட்டும் வந்துகொண்டிருக்க, துண்டு தோளுக்கு இறங்குகிறது. அறுநூறில் அது இடுப்புக்கு வந்துவிடுகிறது. அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறிக்கொண்டிருக்க, ரிக் ஓட்டுநர் எஞ்சினைத் தணித்துவிட்டு, “நிறுத்திக்கலாமுங்களா, இன்னொரு அம்பது போலாமுங்களா?” என்று கேட்கும் அந்த நொடியில், எந்தப் பொட்டலமும் எந்தக் குழந்தையும் இல்லாமல், “முருகா” என்று ஒரு சொல் வருகிறது. அன்றைய நாளில் நிபந்தனையின்றிச் சொல்லப்பட்ட சொல் அது ஒன்றே. சிறிது நேரத்தில் அதனுடனும் மொட்டையும் காவடியும் சேர்ந்துவிடுகின்றன.

பாகவதத்தின் கஜேந்திரன் கதையும் இதையே சொல்கிறது. முதலை காலைக் கவ்வியதும் அந்த யானை கடவுளைக் கூப்பிடவில்லை. ஆயிரம் ஆண்டுகள் இழுத்துப் பார்த்து, உறவு யானைகளும் கைவிட்டபிறகே கூப்பிட்டது. முதல் நாளே கூப்பிட்டிருந்தால் ஆயிரம் ஆண்டு மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் பார்ப்பது உபன்யாசகர்களின் இயல்பு. ஆனால் முதல் நாள் கூப்பிட்டிருந்தால் அந்தக் குரலில் “இடது பின்னங்கால், சற்று மெதுவாக” என்ற குறிப்பும் இருந்திருக்கும் என்பதை அறுநூறு அடிக்குப் புழுதி பார்த்தவர்கள் அறிவர்.

தண்ணீர் வந்துவிட்டால் உரிமைப் பங்கீடு உடனே நடக்கும். தேங்காய்க்காரர் தன் குறியைக் காட்டுவார், மைத்துனர் இன்னும் ஐம்பது அடி போகச் சொன்னது தானே என்பார், பிள்ளையார் மஞ்சளோடு சேற்றில் கரைந்திருப்பார். தண்ணீர் வராவிட்டால் பங்குதாரர்கள் விலகிக்கொள்ள, சாமி சோதித்துவிட்டது என்று முழுப் பொறுப்பும் ஒரே இடத்துக்குப் போய்ச்சேரும்.

அடுத்த கட்டம் மோட்டாருக்கு மின் இணைப்பு. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். அதனாலேயே இணைப்புக்கு விண்ணப்பித்தவர் பதிவு மூப்புப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும், அல்லது பணம் கட்டித் தட்கல் திட்டத்தில் சேரவேண்டும். பெண்ணுக்கும் கிணற்றுக்கும் பூக் கேட்ட அதே குடும்பம் இதற்கு மட்டும் பூக் கேட்பதாகத் தெரியவில்லை. விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, சிட்டாவும் அடங்கலும் அடங்கிய மஞ்சள் பையோடு நேரே மின்வாரிய அலுவலகத்துக்குச் சென்று வாசலில் நிற்கிறார்கள். வழியிலுள்ள பிள்ளையாருக்கு, நேரமாகிவிட்டதென்று, வண்டியை நிறுத்தாமலே ஒரு கும்பிடு.