பேஸ்பால் கோச்: இலக்கணமும் உரையும்

அமெரிக்கக் கல்லூரிகளில் வாழும் பேஸ்பால் கோச் என்னும் இனத்துக்கு முதல் அடையாளம் உடை. அறுபது வயதானாலும் பையன்களைப் போலவே எண் போட்ட சட்டையும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவார். கூடைப்பந்து கோச் இந்த வேடம் கட்டுவதில்லை. இரண்டாம் அடையாளம், மூன்றாம் பேஸ் அருகே நின்றபடி தொப்பி, காது, மார்பு, பெல்ட் என்று ஓயாமல் தொட்டுக்கொண்டிருப்பது. அறியாதார் அதைச் சொறி என்ப. அறிந்தார் சைகை என்ப.

வகைப்படுத்தப் புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்றும், ஆகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்றும் நன்னூலார் அன்றே எடுத்துவைத்துவிட்டார். பேஸ்பால் பார்க்காமலே அவர் இதைச் செய்தார் என்பதை நம்பத்தான் கடினமாக இருக்கிறது.

மலைக்கு எடுத்துக்காட்டு ஃபுளோரிடா ஸ்டேட்டின் மைக் மார்ட்டின். 40 பருவங்கள், 2,029 வெற்றிகள். ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி பேஸ்பால் போட்டியின் இறுதிக் கட்டத்துக்கு 17 முறை போனார். ஒரு முறையும் பட்டம் வாங்கவில்லை. உச்சியில் கொடி இல்லாததால் மலை மலையல்ல என்று ஆகிவிடுமா? ஆகாது என்பதே இவ்வுரையின் துணிபு.

மடற்பனையும் பருத்திக்குண்டிகையும் எல்லாத் தொழிலிலும் உண்டு, விடுவோம். முடத்தெங்குக்கு மட்டும் ஒரு திருத்தம் தேவை. ஒருவன் தண்ணீர் ஊற்ற, அடுத்த வீட்டு முற்றத்தில் காய் போடும் தென்னை அது. இந்தக் கோணலை நன்னூலார் ஆசிரியர் தலையில் கட்டினார். 2018இல் கல்லூரி மாற விரும்பும் வீரர்களுக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபின் தென்னை மாணவன் ஆனான், ஊற்றியவன் கோச்.

இனி நிலம். நம் ஆராய்ச்சி முழுவதும் இதன் ஓர் உட்பிரிவு பற்றியதே: கல்லூரிக்கு வருமுன் சிறுவர்களுக்கு வழித்துணையாக இருந்தவர். இவருடைய குலமரபு நீளமானது. 1904இல் நியூயார்க்கில் எர்னஸ்ட் கோல்ட்டர் என்ற நீதிமன்ற எழுத்தர், சிறார் நீதிமன்றத்துக்கு வரும் பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் துணை வேண்டும் என்று கேட்டார். அண்ணன் தேடும் இயக்கம் பிறந்தது. 1989இல் ஜான் யங் என்பவர் தெற்கு லாஸ் ஏஞ்சலீஸ் பையன்களிடம் பேஸ்பாலைத் திரும்பக் கொண்டுபோனார். இப்படிப்பட்ட இடங்களில் பழகி வந்தவரை அறிவது எளிது. நிலம் உழுத அளவுக்குத்தான் பலன் தரும். இவரோ, உழாதவனுக்கும் இரவு பத்து மணிக்குப் போன் போட்டு ‘ஏண்டா உழவில்லை’ என்று கேட்கும் நிலம்.

இன்னொரு சோதனை கணக்கில் இருக்கிறது. முதல் பிரிவுக் கல்லூரி அணிக்கு நெடுங்காலம் 11.7 உதவித்தொகைகளே அனுமதி. அதைப் பிய்த்துப் பலருக்குக் கொடுப்பார்கள். அந்தப் புள்ளி ஏழு ஆள் யார் என்று எந்த உரையாசிரியரும் விளக்கவில்லை. 2025இல் பெரிய கல்லூரிகள் பலவற்றில் இது போய், அணிக்கு 34 தலை என்ற கணக்கு வந்தது. களத்தில் நிற்பது ஒன்பது தலை. மீதி 25 பேருக்கும் யார் கோச்? வெற்றிப் பட்டியலில் இதற்குக் கட்டம் இல்லை.

இவ்வகையினர் இளகிய மனத்தர் என்பது பிழை. கலிபோர்னியாவின் கால் பாலி பொமோனா பல்கலைக்கழகத்தில் பயிற்சி தந்த ஜான் ஸ்கோலினோஸ், 1996இல் நாஷ்வில்லில் நடந்த பேஸ்பால் கோச்கள் மாநாட்டில், பிட்ச்சர் எறியும் பந்து கடந்து போக வேண்டிய ஹோம் பிளேட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். பொடியன்கள் ஆட்டத்தில் இது எத்தனை அங்குலம், கல்லூரியில் எத்தனை, தொழில்முறை ஆட்டத்தில் எத்தனை என்று ஒவ்வொரு தரப்பாகக் கேட்டார். எங்கும் 17. குறி தவறும் பிட்ச்சருக்காக எவரும் பிளேட்டை அகலமாக்குவதில்லை என்பதே செய்தி.

இந்த உட்பிரிவைக் கண்ணால் காண வேண்டுமானால், பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போனபின் வர வேண்டும். ஒல்லியாக, நீளமாக இருக்கும் ஃபங்கோ மட்டையோடு அவர் நிற்பார். எதிரே மூன்று வாரமாக ஆட வாய்ப்புக் கிடைக்காத ஒரு பையன். ஒரு பந்து உருண்டு போகும். அவன் குனிந்து அள்ளுவான். அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன் கோச்’ என்பதோடு முடிந்துவிடும். இங்கே கண் பந்தின்மேல் இருக்கிறது. வாய்க்குக் காவல் இல்லை. பதினைந்து பந்து வரை ஒன்றும் வராது. இருபதாவதில் ‘அம்மாவுக்கு வேலை போயிருச்சு’ என்று வரும். அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். கொஞ்சம் இடப்பக்கமாக, கொஞ்சம் மெதுவாக, அடுத்த பந்தை உருட்டுவார்.